ஒரு நாள் விருந்தாளிக்கு எந்த இடம்? ஒகேனக்கல்லும் தருமபுரி, கிருஷ்ணகிரியின் மற்ற இடங்களும்: ஓர் ஒப்பீடு

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ சொந்தக்காரர்கள் வருகிறார்கள். கையில் ஒரு நாள்தான் இருக்கிறது. "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால் நம் வாயில் தானாக வரும் பதில் ஒகேனக்கல். பாதி நேரம் அது சரியான பதில்தான். மீதி நேரத்தில், தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர் போய் "பரிசல் இயக்கத் தடை" என்ற அறிவிப்பைப் படித்துவிட்டு, மீன் வறுவலோடு திரும்பி வர வேண்டியிருக்கும். மூட்டுவலி உள்ள அத்தையைத் தீர்த்தமலைக்கும், கைக்குழந்தைக்காரர்களை ஏப்ரல் மதியம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கும் அனுப்புவதும் இதே வகைத் தவறுதான். இடத்தில் குறையில்லை, பொருத்தம் பார்க்காமல் சொன்னதுதான் குறை.

முதலில் பார்க்க வேண்டியவை

முதல் கேள்வி கால். வருகிறவர்களில் மூத்தவர் யார், நூறு படி ஏறுவாரா, ஈரப் பாறையில் நிற்பாரா? குழுவில் மிகவும் முடியாதவர் யாரோ அவருக்கு ஏற்ற இடம்தான் எல்லோருக்கும் ஏற்ற இடம்.

அடுத்தது மாதம். நம் இரு மாவட்டங்களிலும் பார்க்கத் தகுந்தவை பெரும்பாலும் தண்ணீரும் பாறையும். தண்ணீர் அளவோடு இருந்தால்தான் அழகு. பாறை வெயிலில்லாதபோதுதான் ஏறக்கூடியது. மார்ச் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை காலை 10 மணிக்கு மேல் எந்தக் கோட்டையும் ஏறுவதற்கல்ல.

மூன்றாவது, வந்து சேரும் நேரமும் திரும்பும் வண்டியும். தருமபுரியில் ரயில் நிலையம் உண்டு. சேலம்–பெங்களூரு பாதை தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போகிறது. கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது, "கிருஷ்ணகிரி ஸ்டேஷனில் வந்து கூட்டிப் போங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். ஒகேனக்கல்லுக்கும் தீர்த்தமலைக்கும் சாலைதான் ஒரே வழி.

நான்காவது செலவு. நுழைவுச் சீட்டு பெரிதாக இருக்காது. வண்டி நிறுத்தம், பரிசல், மசாஜ், சமையல் கூலி, குடிதண்ணீர் என்று சேரும் சில்லறைதான் கணக்கை ஏற்றும்.

ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால்தான் காவிரித் தண்ணீரை ஊர் ஊராகக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு நாள் போர் தண்ணீர் குடித்தால் விருந்தாளிக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனாலும் பழக்கமில்லாத வயிற்றையும் சிறு பிள்ளைகளையும் நினைத்து, ஆளுக்கு 2 லிட்டர் என்ற கணக்கில் வண்டியில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். நாம் இங்கே ஒப்பிடும் இடங்களில் பாதிக்கு மேல், வழியில் நல்ல தண்ணீர் வாங்கக் கடை இருக்காது.

ஒரு பார்வையில்

| இடம் | தேவைப்படும் நேரம் | நடை, ஏற்றம் | ஏற்ற மாதங்கள் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| ஒகேனக்கல் | முழு நாள் | நடுத்தரம், வழுக்குப் பாறை | செப்டம்பர் கடைசி முதல் ஜனவரி. நீர்வரத்தைப் பொறுத்தது | பரிசல் தடை, விடுமுறைக் கூட்டம் |
| அதியமான்கோட்டை, தருமபுரி நகரம் | அரை நாள் | எளிது | ஆண்டு முழுவதும் | தேய்பிறை அஷ்டமிக் கூட்டம், மதிய நடையடைப்பு |
| தீர்த்தமலை | முக்கால் நாள் | கடினம் | அக்டோபர் முதல் பிப்ரவரி | குரங்கு, சாப்பாட்டு வசதிக் குறைவு |
| ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகள் | ஒவ்வொன்றுக்கும் அரை நாள் | கடினம் | நவம்பர் முதல் பிப்ரவரி | வெயில், தேனீ |
| கிருஷ்ணகிரி அணை, மாம்பழம் | 2 முதல் 3 மணி நேரம் | மிக எளிது | மே முதல் ஜூலை (மாம்பழத்துக்கு) | மதியத்தில் நிழல் குறைவு |
| வத்தல்மலை | அரை நாள் | நடை குறைவு, மலைச்சாலை | ஜூன் முதல் ஜனவரி | சொந்த வண்டி, பிரேக் |

ஒகேனக்கல்: எப்போது சரி, எப்போது தவறு

காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் இடம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. நீர்த்தூள் புகையாக எழும் பாறை என்பது பெயரின் பொருள். நம் இரு மாவட்டங்களிலும் இதற்கு ஈடான இயற்கைக் காட்சி வேறில்லை என்பதில் சந்தேகமே வேண்டாம். பெரும் ஆறு பாறைப் பிளவுகளுக்குள் பல கிளையாகப் பிரிந்து விழுகிறது. அந்தப் பிளவுகளுக்கு நடுவே, இரு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர் நிற்கப் பரிசலில் போவதுதான் இங்கே பெறத்தக்க அனுபவம். பாலத்தில் நின்று அருவியைப் பார்த்துவிட்டு வருகிறவர் ஒகேனக்கல்லில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்.

ஆகவே எல்லாமே பரிசல் ஓடுகிறதா என்பதில் நிற்கிறது. அதைத் தீர்மானிப்பது நம்மூர் மழையல்ல, கர்நாடகத்தில் பெய்யும் மழை. கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறக்கும் தண்ணீர் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு வழியாக வந்து சேர்கிறது. தருமபுரியில் வானம் காய்ந்து கிடக்கும் ஜூலையில் ஒகேனக்கல்லில் வெள்ளம் ஓடுவது இதனால்தான். நீர்வரத்து நொடிக்கு எத்தனை கனஅடி என்பது அன்றாடம் செய்தியில் வரும். வரத்து கூடும்போது மாவட்ட நிர்வாகம் முதலில் பரிசலையும், பிறகு அருவிக் குளியலையும் நிறுத்தும். 2018 ஆகஸ்டிலும் 2024 ஜூலை கடைசியிலும் வரத்து ஒரு லட்சம் கனஅடியைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாளில் அருவியே இருக்காது: பாறைகள் மூழ்கி, அருவி விழும் பள்ளமும் நிரம்பி, செந்நிறத்தில் ஓர் அகன்ற ஆறு மட்டும் ஓடும். "தண்ணி நிறைய வருதாம், போகலாம்" என்று கிளம்புவது இங்கே தலைகீழ்க் கணக்கு.

நேர்மாறாக, கடுங்கோடையில் வரத்து சில நூறு கனஅடிக்கு இறங்கிய ஆண்டுகளும் உண்டு. அருவி நூலாகிவிடும். பரிசல் குறைந்த தூரம்தான் போகும், ஆனால் தண்ணீர் தெளிந்து பாறையின் வடிவம் முழுவதும் தெரியும். குழந்தைகளைக் குளிக்க வைக்க இது மோசமான காலமல்ல. இரண்டுக்கும் நடுவே, மழை ஓய்ந்த செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரைதான் பெரும்பாலும் நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையால் இடையிடையே வரத்து ஏறும். எந்த மாதமானாலும் கிளம்புகிற அன்று காலைச் செய்தியைப் பாருங்கள். முந்தின நாள் செய்தி போதாது.

தவிர்க்க வேண்டிய நாள்கள்: ஆடிப்பெருக்கு, பொங்கலை ஒட்டிய காணும் பொங்கல், தொடர் விடுமுறையின் நடு நாள். ஆடி 18-ல் காவிரியில் நீராட வரும் கூட்டத்தோடு வெள்ளமும் சேர்ந்துகொள்ளும். நேர்த்திக்கடனுக்காக வருகிறவர்களுக்கு அன்று வருவதில் பொருள் உண்டு. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அன்று அனுப்பாதீர்கள்.

போனபின் வரிசை முக்கியம். பென்னாகரத்தைத் தாண்டி 16 கிலோமீட்டர், காட்டுக்குள் இறங்கும் வளைவுச் சாலை. காலை 8 மணிக்குள் ஆற்றங்கரையில் இருக்கும்படி கிளம்புங்கள். மீன் கடையில் கட்லா, ரோகு, ஜிலேபி, வாளை என்று பார்த்து வாங்கி, அங்கே சமைத்துத் தரும் பெண்களிடம் கொடுத்துவிட்டுப் பரிசலுக்குப் போங்கள். வறுவல் எத்தனை துண்டு, குழம்பு எவ்வளவு, சோறா களியா, அரிசியும் எண்ணெயும் யார் பொறுப்பு, மொத்தக் கூலி என்ன என்பதை மீனைக் கொடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். திரும்பி வந்தபின் பேசினால் சங்கடம்தான் மிஞ்சும். குளித்து முடித்து, பசியோடு ஒரு மணி நேரம் காத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான்.

பரிசலுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு. கவுண்டரில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். ஒரு பரிசலில் நான்கு பேர், உயிர்காப்பு உடை கட்டாயம். கொக்கிகளை எல்லாம் மாட்டியபின் ஏறுங்கள். அளவு பெரிதாக இருக்கும் உடையில் குழந்தை நழுவிவிடும், மாற்றிக் கேட்கலாம். ரசீதுக்கு மேல் "இன்னும் உள்ளே கூட்டிப் போறேன்" என்று பேச்சு வந்தால், எந்த இடம் வரை, எவ்வளவு நேரம் என்பதைக் கரையிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். போகும் வழியில் சில இடங்களில் இறங்கிப் பாறையில் நடந்து மறுபடி ஏற வேண்டியிருக்கும். முழங்கால் சரியில்லாதவர்களுக்குப் பரிசலைவிட இந்த நடைதான் கஷ்டம். பரிசல்காரர்கள் வட்டமாகச் சுழற்றிக் காட்டுவார்கள். தலைசுற்றல் உள்ள பெரியவர் இருந்தால் ஏறும்போதே "சுத்த வேண்டாம்ணா" என்று சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் மசாஜ் இங்கே பெயர் பெற்றது. ஆனால் எண்ணெய் தேய்த்த உடம்போடு பாசிப் பாறையில் நடப்பது ஆபத்து. மசாஜ் முடிந்ததும் உள்ளங்காலை மணலிலோ துண்டாலோ அழுத்தித் துடைத்துவிட்டு, கம்பி போட்ட இடத்தில் மட்டும் குளிக்க வேண்டும். அனுமதியில்லாத துறைகளில் மேலே தெரியும் தண்ணீர் அமைதியாக இருக்கும். அடியில் பாறைக் குடைவும் சுழலும் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் இங்கே இறந்திருக்கிறார்கள். ஆற்றுக்குள் பாறைத் திட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதும் கூடாது. மேலே அணையில் திறந்த தண்ணீர் முன்னறிவிப்பில்லாமல் ஏறும்.

தடை என்று தெரியாமல் போய்விட்டால் நாள் முழுவதும் வீணாகாது. முதலைகள் மறுவாழ்வு மையம், வண்ணமீன் காட்சியகம், தொங்கு பாலம் மூன்றையும் இரண்டு மணி நேரத்தில் பார்க்கலாம். திரும்பும்போது பாப்பாரப்பட்டி வழியாக வாருங்கள். சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ல் உயிர்நீத்த ஊர் அது. அவருடைய நினைவிடமும், அவர் எழுப்ப நினைத்த பாரத மாதா ஆலயத்தின் நினைவாக அமைந்த நினைவாலயமும் அங்கே இருக்கின்றன. தொழுநோயோடு ஊர் ஊராக நடந்து விடுதலை பேசிய ஒரு மனிதர் கடைசியில் நம்மூரைத் தேர்ந்தார் என்பதை விருந்தாளிகளுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, நாம்தான் சொல்ல வேண்டும்.

ஓசூர் பக்கமிருந்து வருகிறவர்கள் அஞ்செட்டி, நாட்ராபாளையம் வழியைக் கேட்பார்கள். அழகான காட்டு வழி, ஆனால் யானை நடமாட்டம் உள்ளது. பகலில் காரில் மட்டும் போகலாம். மாலையில் இரு சக்கர வாகனத்தில் அந்த வழியைச் சொல்லவே கூடாது.

அதியமான்கோட்டையும் தருமபுரி நகரமும்: குறைத்து மதிப்பிடப்படும் அரை நாள்

பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் ஆகிய மூவருக்கும் எங்கள் முதல் பரிந்துரை இதுதான், ஒகேனக்கல் அல்ல. தருமபுரியிலிருந்து சேலம் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர், நகரப் பேருந்தே போகும்.

தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அதியமான் நெடுமான் அஞ்சி நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த கதையைப் பள்ளியில் படிக்காத தமிழர் கிடையாது. அந்த ஊரில்தான் நிற்கிறோம் என்று சொல்லும்போது வெளியூர்க்காரர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அதியமான்கோட்டையில் பெரும்பாலோர் காலபைரவர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். சாம்பல் பூசணியில் விளக்கேற்றும் வழிபாட்டுக்காகத் தேய்பிறை அஷ்டமியில் கூட்டம் நெடுஞ்சாலை வரை நிற்கும். வழிபாடு நோக்கமென்றால் அன்று வரலாம். பார்ப்பது நோக்கமென்றால் வேறு நாள் பாருங்கள். நாள்காட்டியில் அஷ்டமி எப்போது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும், வரிசையில் நிற்பது மூன்று மணி நேரம்.

அதே ஊரில் இருக்கும் சென்னராயப் பெருமாள் கோயிலைத் தவறவிடாதீர்கள். மண்டபத்தின் மேல்தளத்தில் இராமாயண, பாரதக் காட்சிகள் ஓவியமாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. நிமிர்ந்து பார்க்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது, கண் பழகியபின் உருவங்கள் ஒவ்வொன்றாக வரும். செல்போன் விளக்கை ஓவியத்தின்மேல் நேராக அடிக்க வேண்டாம்.

தருமபுரிக்குள் கோட்டைக் கோயில், அதாவது மல்லிகார்ஜுனர், காமாட்சியம்மன் சன்னதிகள், நுளம்பர் என்ற அரச குலத்தார் காலக் கட்டடக் கலையைக் காட்டும். காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றிச் சிறு சிற்பங்களில் இராமாயணக் கதை போகிறது. உள்ளங்கை அகலமே உள்ள கல்லில் செதுக்கியவை. குனிந்து, மெதுவாகச் சுற்றி வந்தால்தான் கண்ணில் படும். முன்மண்டபத்தில் தரையைத் தொடாமல் நிற்கும் தூணைக் காட்டினால் பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். அடியில் ஒரு தாளை நுழைத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது.

நகரில் உள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்களைத் திரட்டி வைத்திருக்கிறார்கள். ஆநிரை மீட்கப் போய் இறந்த வீரனுக்கு எழுப்பிய கல், அதில் அவன் பெயர், ஊர், யாருடைய ஆட்சியில் இறந்தான் என்பதெல்லாம் வட்டெழுத்தில் இருக்கும். நம் மாவட்டத்தின் உண்மையான செல்வம் இதுதான் என்பது எங்கள் கருத்து. சாதாரண ஒரு வீரனின் பெயர் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு நின்றிருப்பதை வேறு எங்கே காட்ட முடியும்? வரலாற்றில் நாட்டமுள்ளவரை இங்கே கூட்டி வராமல் அனுப்பக் கூடாது.

மறைந்த செலவு இங்கே பணமல்ல, நேரம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் மாலை 4 மணியை ஒட்டித்தான் திறக்கும். காலை 8 மணிக்கு அதியமான்கோட்டை, 10 மணிக்குக் கோட்டைக் கோயில், 11.30-க்கு அகழ்வைப்பகம் என்று போனால் ஒன்றும் தப்பாது. 11 மணிக்குக் கிளம்பினால் எல்லாமே மூடிய கதவுதான். சேலத்திலிருந்து காரில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தொப்பூர்க் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் விபத்துகள் அடிக்கடி நடந்திருக்கின்றன. திரும்பும்போது சேலம் நோக்கி இறங்கும் சரிவில் லாரிக்கு முன்னாலோ இரு லாரிக்கு நடுவிலோ ஓட்டாமல், தாழ்ந்த கியரில் இடைவெளி விட்டு இறங்கச் சொல்லுங்கள்.

தீர்த்தமலை: ஏறக் கூடியவர்களுக்கு

தருமபுரியிலிருந்து அரூர் 40 கிலோமீட்டர், அங்கிருந்து தீர்த்தமலை 16. மலைமேல் தீர்த்தகிரீசுவரர், வடிவாம்பிகை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். இலங்கையிலிருந்து திரும்பிய இராமர் பூசைக்குத் தீர்த்தம் வேண்டி அம்பு எய்தார், பாறை பிளந்து நீர் கொட்டியது, அதுதான் இராமர் தீர்த்தம் என்பது தலக்கதை. அனுமன் காசியிலிருந்து கொண்டுவந்த நீர் நேரம் தவறியதால் வீசப்பட்டு விழுந்த இடம், தென்பெண்ணைக் கரையில் உள்ள அனுமன்தீர்த்தம். முறையாகச் செய்கிறவர்கள் முதலில் அனுமன்தீர்த்தத்தில் நீராடிவிட்டுப் பிறகு மலையேறுவார்கள்.

பாறை உச்சியிலிருந்து தலைமேல் சொட்டாகவும் சரமாகவும் விழும் தண்ணீரில் நிற்பதுதான் இங்கே சிறப்பு. ஒகேனக்கல் தடை செய்யப்பட்ட நாளில் "குளிக்கணும்" என்று வந்தவர்களுக்கு இதுதான் மாற்று. ஒகேனக்கல்போல ஆறு அடித்துப் போகும் பயம் கிடையாது.

விலை கால்வலி. ஏற ஒரு மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கு அதற்கு மேல். காலை 7 மணிக்குத் தொடங்கினால் நிழலில் ஏறலாம். கையில் ஒரு தடி, மாற்றுத் துணி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். பிளாஸ்டிக் கவரில் பழமோ தின்பண்டமோ தெரியும்படி கொண்டு போனால் குரங்கு பறிக்கும். துணிப் பைக்குள் வைத்து வாய் கட்டிவிடுங்கள். ஏற முடியாதவர்களுக்கு அடிவாரத்திலும் கோயில் உண்டு. ஆனால் இரண்டு பேரைக் கீழே மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறுவது சுற்றுலாவாக இராது. அப்படியென்றால் அதியமான்கோட்டைக்கே போங்கள். மதியச் சாப்பாட்டை அரூரில் வைத்துக்கொள்ள வேண்டும். மாசி மகத் திருவிழா நாள்களில் பேருந்து வசதி கூடும், கூட்டமும் கூடும்.

ராயக்கோட்டையா, கிருஷ்ணகிரி மலைக்கோட்டையா?

இரண்டில் ஒன்று என்றால் ராயக்கோட்டை. காரணம் எளிது: ரயிலில் வந்து இறங்கலாம், ஊரும் கோட்டையும் பக்கத்தில், மேலிருந்து தெரியும் காட்சி பரந்தது. பாரமகால் என்று அன்று அழைக்கப்பட்ட நம் வட்டாரத்தின் கோட்டைகளில் முக்கியமானது. 1791 ஜூலையில் ஆங்கிலேயப் படை இதைத் திப்பு சுல்தானிடமிருந்து பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பிடிக்க எடுத்த முயற்சியில் தோற்றுத் திரும்பினார்கள். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகுதான் பாரமகால் முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. கிருஷ்ணகிரி மலையின் செங்குத்தான பாறையைக் கீழிருந்து ஒரு முறை பார்த்தாலே அவர்கள் ஏன் தோற்றார்கள் என்பது விளங்கிவிடும்.

கிருஷ்ணகிரிக் கோட்டை நகரத்தின் தலைமேலேயே நிற்கிறது. உள்ளூரில் சையத் பாஷா மலை என்பார்கள். மேலே தர்கா இருப்பதால் வழிபாட்டுக்கு ஏறுகிறவர்களும் உண்டு. பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் அடிவாரம் போய்விடலாம் என்பது இதன் வசதி. இளைஞர்கள், பேருந்தில் வந்து ஒரு காலைப்பொழுது மட்டும் இருப்பவர்கள் என்றால் இதையே சொல்லுங்கள்.

இரண்டிலும் சிக்கல் ஒன்றே. பாறை சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். மாலை 4 மணிக்கும் கீழிருந்து அனல் வரும். பிடிப்புள்ள காலணி வேண்டும், செருப்பு ஆகாது. மழை பெய்த மறுநாள் ஏற வேண்டாம். பாறை இடுக்கில் மலைத்தேன் கூடு இருக்கும். புகை, பட்டாசு, கூச்சல், கடும் வாசனைத் திரவியம் எதுவும் கூடாது. மேலே கடை, கழிப்பறை எதையும் எதிர்பார்க்காதீர்கள். தனியாகப் போகாமல் நான்கு பேராகப் போய், இருட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும்.

கோட்டையைவிடப் பழையதைக் கேட்கிற விருந்தாளியும் வருவார். அவருக்கு மல்லச்சந்திரம். பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகள் ஒரு பாறைக்குன்றின்மேல் கூட்டமாக இருக்கின்றன. சிலவற்றின் உட்புறத்தில் வெள்ளை ஓவியங்களும் உண்டு. உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போவது நல்லது. இதே மாவட்டத்தின் மயிலாடும்பாறை அகழாய்வில்தான் இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னுக்குப் போகிறது என்று 2022 மே மாதம் அரசு அறிவித்தது. அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அகழாய்வுக் குழிகளைப் பார்க்கலாம் என்று நினைப்பார்கள். குழிகளை மூடியபின் அங்கே காண அதிகமில்லை, ஆகவே கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை.

கிருஷ்ணகிரி அணை: தனி இடமாக அல்ல, துணை இடமாக

தென்பெண்ணையின் குறுக்கே 1950-களின் இறுதியில் கட்டிய அணை. பூங்கா, மரங்கள், சுடச்சுட மீன் வறுவல். பெங்களூரு போகும் வழியில் குழந்தைகளை இறக்கி விளையாட விட இதைவிட நல்ல இடமில்லை. இதை மட்டும் பார்ப்பதற்காக வெளியூரிலிருந்து ஒருவரை வரச் சொல்ல வேண்டாம். குளிக்கும் இடமாகவும் நினைக்காதீர்கள். பெங்களூருக் கழிவு கலந்து வரும் ஆறு இது, மேலே ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை பொங்கிய படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

மே முதல் ஜூலை வரை மட்டும் கணக்கு மாறுகிறது, ஏனென்றால் மாம்பழம். செந்தூரா முதலில் வரும், அடுத்து அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா, கடைசியில் நீலம். சாலையோரம் மலைபோலக் குவிந்திருக்கும் தோத்தாபுரி பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போவது. விலை குறைவு என்று விருந்தாளிக்கு அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, கிருஷ்ணகிரி மாம்பழம் இவ்வளவுதானா என்று கேட்கும்படி ஆகிவிடக் கூடாது. ஊசி மிளகாயும் உப்பும் தொட்டுக் காயாகத் தின்பதற்கு அதே தோத்தாபுரிதான் அரசன். நீண்ட பயணம் போகிறவர்கள் பழுத்ததை வாங்காமல், முற்றிய செங்காயாக வாங்கி வைக்கோலில் பழுக்க வைக்கட்டும். பழம் முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்து காம்பருகே மணமே இல்லையென்றால் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது என்று சந்தேகப்படலாம்.

வத்தல்மலை

குளிர்ச்சி தேடுகிறவர்கள் ஏற்காடு போய்விடுவார்கள். கூட்டமில்லாத மலை வேண்டுமென்றால், தருமபுரியை அடுத்த வத்தல்மலை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், மேலே காபி, மிளகு, சிறுதானிய நிலங்கள், மலைவாழ் மக்களின் சிற்றூர்கள். விடுதி, உணவகம், பூங்கா எதையும் நம்பிப் போகாதீர்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மலையில் பெட்ரோல் கிடைக்காது. இறங்கும்போது இரண்டாம் கியரைவிட மேலே போகாதீர்கள். பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் பாதியில் சூடேறிப் பிடிக்காது. புதிதாக ஓட்டக் கற்றவர் கையில் வண்டியைக் கொடுக்கும் இடமல்ல இது.

ஓசூர் வழியாக வருகிறவர்களுக்கு

சந்திரசூடேசுவரர் கோயில் குன்றின்மேல் இருந்தாலும் வண்டி மேலே வரை போகும். மலைக்கோயில் ஆசை உண்டு, படி ஏற முடியாது என்கிறவர்களுக்கு இரு மாவட்டத்திலும் இதுவே பொருத்தம். பக்கத்தில் தொரப்பள்ளியில் இராஜாஜி 1878-ல் பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. அக்ரகாரத் தெருவில் ஒரு சிறிய வீடு. அரை மணி நேரம் போதும்.

இரண்டு நாள் இருந்தால்

ஒகேனக்கல்லை முதல் நாள் வையுங்கள். தடை வந்தால் மறுநாளுக்கு மாற்ற இடமிருக்கும். இரண்டாம் நாள் வைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். தருமபுரியில் தங்குவது வசதி, பென்னாகரத்துக்கும் அரூருக்கும் பாலக்கோட்டுக்கும் சாலை இங்கிருந்தே பிரிகிறது. இரண்டாம் நாள் காலில் தெம்பு இருந்தால் தீர்த்தமலை. முதல் நாள் பாறையில் நடந்து கால் கடுத்துப் போயிருந்தால் அதியமான்கோட்டை, கோட்டைக் கோயில், நடுகற்கள். இரவுச் சாப்பாட்டுக்கு கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சொல்லி வையுங்கள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பதையும், முதல் தடவை எலுமிச்சை அளவு உருண்டை போதும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் விருந்தாளி தட்டை மிச்சம் வைக்க மாட்டார்.